குடிக்காதவன் முகம் வீங்கிய கதை

இரும்புலியூரில் ரயில் பாதையை ஒட்டினாற்போல் இருக்கும் மாதா கோவிலின் பின்புறம் தகரக் கூரை போட்ட கூடம் ஒன்று உண்டு. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்குக் குடியை விட்டவர்கள் அங்கே கூடுவார்கள். எந்த மதத்துக்காரரும் வரலாம். நேராக நடந்து வர வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் எந்தத் தேதியில் குடியை நிறுத்தினாரோ அதுதான் அங்கே அவருக்குப் பிறந்தநாள். வருஷம் ஒன்று முடிந்தால் ஒரு கிலோ கேக், ஒரு பித்தளைப் பதக்கம், கைதட்டல்.

ஆனால் கேக்கில் கத்தி வைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் பாக்கியிருக்கும். கூட்டத்தை நடத்துகிற சாலமன் சார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தொடாமல் இருபத்தாறு வருஷம் ஆகிறது. "குடிகாரன் வாயில வர்ற வார்த்தைக்கு மார்க் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்," என்பார். ஆகவே பிறந்தநாள்காரர் வாயைத் திறக்கக் கூடாது. அவர் மனைவி மேடையேறி, மைக்கைப் பிடித்து, இந்த வருஷம் அவர் தொடவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் பதக்கம். சொல்லாவிட்டால் கேக்கை அப்படியே மூடிப் பக்கத்து அநாதை இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இதுவரை இரண்டு கேக் அப்படிப் போயிருக்கின்றன. குழந்தைகள் மூன்றாவதற்குக் காத்திருந்தார்கள்.

அம்மணியின் புருஷன் சவுரிமுத்து மேடவாக்கம் அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். ஐம்பத்து நாலு வயது. தண்ணி லாரி ஓட்டுகிறவன் தண்ணியை விட்டான் என்ற பகடியைக் கூட்டத்தில் பதினோரு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள்; இங்கே அது வேண்டாம். அம்மணி அங்கன்வாடியில் சமையல் செய்கிறவள். பதினோரு செப்டம்பர்களில் பதினோரு முறை மேடையேறி, கோழியைப் பிடிப்பதுபோல் மைக்கின் கழுத்தைப் பிடித்து, "இந்த வருசமும் தொடலீங்க," என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறாள். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. பதக்கங்கள் டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடந்தன. அவள் சொன்னதைத்தான் சவுரிமுத்து பத்திரமாக வைத்திருந்தார். குளிக்கும்போது அவர் அதை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பதை அம்மணி வெளியிலிருந்து கேட்டிருக்கிறாள். கேட்டதாகக் காட்டிக்கொண்டதில்லை.

பன்னிரண்டாம் வருஷம், ஜூலை மாதம் தகராறு ஆரம்பித்தது.

முதலில் சட்டை. மேல் பட்டன் போட முடியவில்லை.

"இன்னாமே, சட்டைய வெந்நீர்ல போட்டியா? சுருங்கிப் போய் கீது."

"கல்யாணம் ஆன நாள்லேந்து பச்சத் தண்ணிலதான் துவைக்கிறேன். கழுத்து ஊதிச்சின்னா சட்டை இன்னா பண்ணும்?"

சொன்னாளே தவிர, கழுத்தை அவள் பார்க்கவில்லை. அடுத்த வாரம் முகம். காலையில் எழுந்திருக்கும்போது கண் இரண்டும் குழிப்பணியாரம்போல் உப்பிச் சிவந்திருக்கும். பத்து மணிக்கெல்லாம் வடிந்துவிடும். குனிந்து செருப்பு மாட்டினால் நிமிரும்போது சுவரைப் பிடித்தார். ஆடி பிறந்ததும் படுப்பதையே விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கத் தொடங்கினார்.

அம்மணி ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தப் பாடம் அவளுக்குப் புதிது இல்லை. கல்யாணமான முதல் பதினான்கு வருஷம் அவள் படித்த படிப்பு அதுதான். ராத்திரி ஊற்றினவனுக்குக் காலையில் முகம் வீங்கும். கண் சிவக்கும். குனிந்தால் தள்ளாடும். பக்கத்தில் படுத்தால் வாசனை காட்டிக் கொடுக்குமென்று நாற்காலியில் தூங்குவான். ஒன்று தப்பாமல் நாலும் வந்து சேர்ந்தன. சவுரிமுத்துவின் நெஞ்சுக்குள் யாருக்கும் தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்த ஒன்று, பழைய குடிகார சவுரிமுத்துவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து எழுதியதுபோல அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தது.

சவுரிமுத்துவும் தன் பங்குக்கு ஒரு தப்பு செய்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது என்றதும், வயிற்றில் கேஸ் என்று முடிவு கட்டினார். லாரி டிரைவர்களுக்கு எல்லா வியாதியும் கேஸ்தான். முழங்கால் வலிக்கே சோடா குடிப்பவர்கள் இருக்கிறார்கள். சேலையூர் போகிற வழியில் ஒரு பெட்டிக்கடையில் நிஜமாகவே இஞ்சியும் ஓமமும் தட்டிப் போட்டுச் சோடா கொடுப்பார்கள். அந்தப் பெட்டிக்கடை அரசாங்க மதுக்கடையின் சுவரோடு சுவராக இருந்தது. சோடா விற்கிறவன் வேறு எங்கே கடை போடுவான்? சவுரிமுத்து தினம் இரண்டு நடை போனார். "இன்னாண்ணா, சோடாவ ராவா அடிக்கிற?" என்று கடைக்காரருக்கே ஆச்சரியம்.

அங்கன்வாடி டீச்சர் ஷீலா ஷேர் ஆட்டோவில் போகையில் இதை இரண்டு தடவை பார்த்தாள். "அக்கா, சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிக்கிறேன்," என்று ஆரம்பித்தாள். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் சொல்லாமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை.

அன்று சாயங்காலம் சவுரிமுத்து மாடி ஏறுகிற சத்தத்தை அம்மணி உள்ளேயிருந்து எண்ணினாள். பன்னிரண்டு வருஷமாக விட்டிருந்த பழக்கம். நாலு படி, நிறுத்தம். மூணு படி, நிறுத்தம். மறுபடி நாலு. அந்தக் காலத்துக் கணக்கு அப்படியே வந்தது. அவர் வாசலில் கால் வைத்ததும், "ஊது," என்றாள்.

"இன்னாது?"

"வாயத் தொறந்து ஊதுன்றேன்."

ஊதினார். இஞ்சி வந்தது. அம்மணி மூக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். ஓமம் வந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

"வாசன வராத சரக்கெல்லாம் இப்ப வந்துகீதாமே. ஏஞ்சல், உன் போன்ல பாரு."

மகள் ஏஞ்சல் மேடவாக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவள். சங்கடத்தோடு பார்த்தாள். "கீதும்மா. ஆனா நைனா அப்டி எல்லாம்…"

"ஆனா-வ எல்லாம் நான் கேக்கல."

"அம்மணி, மாதா மேல சத்தியமா நான் தொடல," என்றார் சவுரிமுத்து. பேசுவதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது.

"மாதாவ இதுல இழுக்காத. அந்தப் பதினாலு வருசம் மாதா மேல நீ பண்ண சத்தியத்த அடுக்கினா கோவிலுக்கு இன்னொரு கோபுரமே கட்டலாம்."

"கேஸுமே. கேஸ் ட்ரபிள்."

"ஆமா. அப்பவும் கேஸுன்னுதான் சொன்ன."

அது உண்மைதான். அப்போதும் அதைத்தான் சொன்னார். சவுரிமுத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தா பாரு," என்றாள் அம்மணி. "அடுத்த மாசம் ரெண்டாவது சனி. மைக்க கைல குடுத்தாங்கன்னா நான் வாங்க மாட்டேன். உன்ன அசிங்கப்படுத்தணும்னு இல்ல. கோவில் எடத்துல நின்னுகினு எனக்கு நிச்சயமா தெரியாதத என்னால சொல்ல முடியாது."

அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தைரியமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. "இத்தினி வருசம் நிச்சயமா தெரிஞ்சிதான் சொன்னியா?" என்று கேட்டார். அம்மணி சோறு வடிக்கப் போய்விட்டாள்.

சவுரிமுத்து இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். தன் வார்த்தைக்கு மார்க் இல்லை. பொண்டாட்டி வார்த்தை தர மாட்டேன் என்கிறாள். மிச்சம் இருப்பது அரசாங்கத்தின் வார்த்தை. ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் முடிந்ததும் அம்மணியை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர்ப் பக்கம் போனார். மணி ஏழு. மிருகக்காட்சிசாலைக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ்காரர்கள் தடுப்பு வைத்து, வண்டிக்காரர்களை ஓரம் கட்டி, வாயில் குழலை வைத்து ஊதச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கூடையும் பெண்டாட்டியுமாக வந்த மொபெட்டைப் பார்த்துக் கான்ஸ்டபிள், "போ போ," என்று கையை ஆட்டினார். சவுரிமுத்து போகாமல் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார்.

"சார், என்ன ஊத வைங்க."

"போய்யா, டிராபிக் ஆவுது."

"ஊதாம போ மாட்டேன் சார்."

சத்தம் கேட்டு சப் இன்ஸ்பெக்டர் லோகநாயகி வந்தார். "என்னய்யா பிரச்சினை?"

"மேடம், நான் ஊதணும். என் பொண்டாட்டி நான் குடிக்கிறேன்னு சொல்றா. உங்க மிஷின்ல ஊதி, அதுல வர்ற சீட்டுல ஒரு சீல் வெச்சுக் குடுத்தீங்கன்னா போதும்."

லோகநாயகி அம்மணியைப் பார்த்தார். அம்மணி, "ஊதட்டும் மேடம்," என்றாள்.

"பதினெட்டு வருஷ சர்வீஸ்ல ஊத மாட்டேன்னு கால்ல விழுந்தவனைத்தான் பாத்திருக்கேன். ஊதணும்னு வந்து நிக்கிறவன் நீ ஒருத்தன்தான்." அவருக்குச் சிரிப்பு வந்தது. "புதுக் குழல் போட்டுக் குடுய்யா. நாமளும் பாப்போம்."

அந்த மிஷினில் 'கீங்' என்று சத்தம் வரும்வரை விடாமல் ஊத வேண்டும். சவுரிமுத்து ஊதினார். பாதியில் இருமல் வந்தது. மிஷின் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை பாதிக்குக்கூடப் போகவில்லை.

"பலூன் ஊதற மாதிரி ஊதுங்கண்ணா," என்றார் கான்ஸ்டபிள்.

ஓரம் கட்டி நிறுத்தப்பட்டிருந்த பைக் ஓட்டி வந்தவர்கள் தங்கள் கவலையை மறந்து சுற்றி நின்றார்கள். "விடாத தலைவா, இழு!" என்று ஒரு குரல் வந்தது. உண்மையாகவே ஊற்றிக்கொண்டு மாட்டியிருந்த ஒருவர் சவுரிமுத்துவின் காதருகே வந்து பணிவாக, "அண்ணா, காத்து வராம ஊதுறியே, அந்த டெக்னிக்க எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குட்ண்ணா," என்றார்.

"பாத்தீங்களா மேடம்?" என்றாள் அம்மணி. "வேணும்னே ஊத மாட்டேங்கிறாரு."

அதைக் கேட்டதும் சவுரிமுத்து மூன்றாவது தடவையாகக் குழலை வாங்கினார். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டினார். முகம் சிவந்தது. பிறகு கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. கழுத்தில் இரண்டு பக்கமும் நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்து எழுந்தது.

லோகநாயகி சட்டென்று குழலைப் பிடுங்கினார். "நிறுத்துங்க. ஊதாதீங்க. இவருக்குக் கழுத்து எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"கழுத்தா?" என்றாள் அம்மணி.

ஒன்றரை மாதமாக அவள் கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், படியை எண்ணினாள். பதினான்கு வருஷப் படிப்பில் கழுத்துக்குப் பாடமே கிடையாது. இப்போதுதான் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சவுரிமுத்து மொபெட்டின் மேல் சாய்ந்து, மொபெட்டோடு சேர்ந்து கீழே விழுந்தார்.

போலீஸ் ஜீப்பிலேயே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் கண் விழித்தவர் முதலில் கேட்டது, "சீட்டு? சீட்ட வாங்கினியாமே?"

முன் சீட்டிலிருந்து கான்ஸ்டபிள் வருத்தத்தோடு திரும்பினார். "மிஷின்ல ஒண்ணும் வரலண்ணா. மறுபடி ஊதவும்னு மட்டும்தான் வந்துச்சு."

அன்று ராத்திரி தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரத்தம், ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, எக்கோ, ஸ்கேன் என்று போயிற்று. திங்கட்கிழமை காலையில் டாக்டர் மாளவிகா ஸ்கேன் படத்தோடு வந்தார். சின்ன வயசு, பொறுமையாகப் பேசுகிறவர்.

"ஹார்ட் நல்லா இருக்கு. பிரச்சினை ஹார்ட்டுக்கு வெளியில. நெஞ்செலும்புக்குப் பின்னாடி தைமஸ்னு ஒரு சுரப்பி உண்டு. சின்ன வயசுல வேலை செஞ்சிட்டு அப்புறம் தானா சுருங்கிடும். இவருக்கு அதுல ஒரு கட்டி வளர்ந்திருக்கு. தலையிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தத்தை ஹார்ட்டுக்குத் திரும்பக் கொண்டு வர்ற பெரிய குழாயை அது நசுக்குது. ஹார்ட்டோட வலது பக்கத்தையும் அமுக்குது. அதான் முகம் வீங்குது, குனிஞ்சா, படுத்தா ஜாஸ்தியாகுது. ஹார்ட்டுக்கு உள்ள வர்ற ரத்தம் குறையறதால, அது வேகமா அடிச்சு ஈடு கட்டப் பாக்குது. புரியுதாம்மா?"

அம்மணி தலையாட்டினாள். புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சவுரிமுத்து ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினார்.

"இந்தா பாரு. லாரிலேந்து தரைக்கட்ல கீற சம்ப்புத் தொட்டிக்கு ஓஸ் பைப்பு போட்டுகீறோம். அந்தாண்ட பம்ப்பு நல்லாதான் ஓடுது. எவனோ ஒருத்தன் ஓஸ் மேல ஏறி நின்னுகினு கீறான். தண்ணி இன்னா ஆவும்?"

"லாரியிலயே தேங்கி நிக்கும்."

"அதான் என் மூஞ்சி. பம்ப்பு?"

"தண்ணி வராம சும்மா அட்ச்சிக்கும்."

"அதான் படபடப்பு. அப்பறம் பம்ப்பு மேலயும் ஒரு கால வெச்சுட்டான், அவ்ளோதான்."

டாக்டர் மாளவிகா இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் பயிற்சி டாக்டர்களுக்கு இதே ஓஸ் பைப்பைத்தான் சொல்லிக் கொடுத்தார் என்று நர்ஸ்கள் பேசிக்கொண்டார்கள்.

"ஏறி நிக்கிறவன் நல்லவனா கெட்டவனா டாக்டர்?" என்று கேட்டார் சவுரிமுத்து.

"எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். ஆபரேஷன் தள்ளிப்போட முடியாது. இந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம்."

அம்மணி வேறொரு கேள்வியோடு காத்திருந்தாள். "அப்ப குடி இல்லீங்களா?"

"குடியா? ரத்தத்துல ஆல்கஹால் துளிகூட இல்லையே."

"சனிக்கிழம எடுத்த ரத்தத்துல?"

"சனிக்கிழமை வந்த உடனே எடுத்தது."

அம்மணி செல்போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். முதலில் ஷீலா டீச்சர். "ஷீலா! மாதா கைவிடலம்மா! கட்டிதான்! நெஞ்சுக்குள்ள கட்டி! குடி இல்லியாம்!" அடுத்து சாலமன் சார். "சார், கட்டி சார்! டாக்டரே சொல்ட்டாங்க!" சாலமன் சாருக்கு வாழ்த்துவதா வருந்துவதா என்று விளங்கவில்லை. "அப்படியாம்மா… ரொம்ப சந்… ஐயோ… சரிம்மா," என்றார். பிறகு வண்டலூரில் இருக்கிற தன் தம்பி, கீழ்வீட்டுக்காரி, தண்ணி லாரி முதலாளி. முதலாளி மட்டும், "பெரிசா?" என்று கேட்டார். "பெரிசுதாங்க," என்றாள் அம்மணி பெருமையோடு. வராந்தாவில் உட்கார்ந்திருந்த மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள், இவ்வளவு சந்தோஷமாகக் கட்டி வந்த குடும்பம் எது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

ஆறாவதாக ஏஞ்சலைக் கூப்பிட்டாள். அதே சந்தோஷத்தோடு கட்டியைச் சொன்னாள்.

"ஏஞ்சல்? குடி இல்லடி."

"அம்மா, கட்டின்னா… எந்த மாதிரி கட்டின்னு சொன்னாங்க? ஹார்ட்டு பக்கத்துலயாம்மா?"

அம்மணி சுவரில் சாய்ந்தாள். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண்மணி ஒருத்தி தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

வெகுநேரம் கழித்துக் கட்டிலுக்குப் போனாள். சவுரிமுத்து தலையணையை உயர்த்திச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"யோவ்."

"இன்னா?"

"குடிக்கலன்னா குடிக்கலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"சொன்னேனேமே."

"நம்புற மாதிரி சொல்லணும்," என்றாள் அம்மணி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. சவுரிமுத்து அவள் கையைப் பிடிக்கப் பார்த்தார். விரலில் மாட்டியிருந்த கிளிப் கழன்று பக்கத்து மிஷின் அலறியது. நர்ஸ் ஓடிவந்து இரண்டு பேரையும் திட்டினாள்.

செப்டம்பர் நாலாம் தேதி வியாழக்கிழமை, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்செலும்பைப் பிளந்து ஆபரேஷன் செய்தார்கள். ஐந்து மணி நேரம் ஆனது. சாத்துக்குடி அளவுக்கு இருந்ததாம். குழாயோடு ஒட்டியிருந்தாலும் அதற்குள் புகவில்லை. உறையோடு சேர்த்து முழுசாக எடுத்துவிட்டார்கள். மறுநாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோது சவுரிமுத்துவின் முகம் வடிந்து, கன்ன எலும்பு தெரிந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பரிசோதனை முடிவு வந்தது: மெதுவாக வளர்கிற வகை, பரவவில்லை, வருஷத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைப் படித்துச் சொன்ன டாக்டரின் கையை அம்மணி பிடித்துக்கொண்டு விடவில்லை. அவரே மெதுவாக உருவிக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை.

"அவர் வந்தப்புறம் வெச்சுக்கலாம்மா. கேக் எங்க போகப் போகுது?" என்றார் சாலமன் சார் போனில்.

"தேதி தேதிதான் சார். நான் வரேன்," என்றாள் அம்மணி.

ஏஞ்சலை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு மின்சார ரயில் ஏறி வந்தாள். ஆறு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. தகரக் கூரையின் சூட்டில் கேக்கின் மேலிருந்த கிரீம் ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்திருந்தது. சாலமன் சார் தன் போனில் ஏஞ்சலை வீடியோவில் கூப்பிட்டார். திரையில் சவுரிமுத்துவின் மூக்கும் பாதி நெற்றியும் தெரிந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு மைக்கை அம்மணியிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். சொல்ல வேண்டியது எல்லாருக்கும் தெரியும். கத்தி வைத்திருந்தவர் கத்தியைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

"வணக்கமுங்க," என்றாள் அம்மணி. கத்திக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "பதினோரு வருசம் ஒரே வார்த்ததான் சொன்னேன். இந்த வருசம் கொஞ்சம் ஜாஸ்தி ஆவும். எங்க வூட்டுக்காரரு குடிக்கிறாருன்னு நான் முடிவு பண்ணேன். நாலு அடையாளம் வெச்சிருந்தேன். நாலும் சரியா வந்துச்சு. நாலும் தப்பு. வாய மோந்து பாத்தேன். வாசன வரல. அப்பவும் நம்பல. தெருவுல போலீஸுக்கு முன்னால வெச்சு ஊத வுட்டேன். மூச்சு இல்லாம ஊதினாரு. வேணும்னே ஊத மாட்டேங்கிறாருன்னு நானே சொன்னேன். கழுத்த அந்த போலீஸம்மா ஒரு நிமிசத்துல பாத்துச்சு. இருபத்தாறு வருசம் கூடவே குடித்தனம் பண்ற நான் பாக்கல."

கத்திக்காரர் கத்தியைக் கேக் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"அதனால சாலமன் சார், இந்த வருசம் என் வார்த்தைக்குத்தான் மார்க் கிடையாது. அவரையே கேளுங்க."

சாலமன் சார் எழுந்தார். "அம்மணி, அது எப்படிம்மா? இருபது வருஷத்துக்கு மேல விதி அது. பிறந்தநாள்காரன் பேசக் கூடாது."

"விதிய போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்ப உங்களயேதான கேக்கணும்?"

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அங்கே உட்கார்ந்திருந்த ஆண்கள் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களுடைய மனைவிமார் அவர்களைத் திரும்பிப் பார்த்ததும் மறுபடி தளர்ந்தார்கள். சாலமன் சார் மோவாயைச் சொறிந்துகொண்டு நின்றார். ஆயிரம் பையன்களை வெயிலில் ஓட வைத்தவருக்கு இதற்கு என்ன விசில் ஊதுவதென்று தெரியவில்லை.

"சட்டுனு கேளுங்க சார், கேக்கு உருகுது," என்றாள் முன்வரிசையில் ஒரு பெண்.

சாலமன் சார் போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். "முத்து. கேக்குதாப்பா?"

"கேக்குது சார்." தொண்டைக்குள் குழாய் போட்டு எடுத்ததில் குரல் கட்டியிருந்தது. காய்ந்த இலையை மிதித்தது மாதிரி இருந்தது.

"சொல்லு. இந்த வருஷம்?"

ஆஸ்பத்திரி வார்டில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். அப்புறம் அந்தக் காய்ந்த குரல் ஏதோ சொன்னது.

"கேக்கல!" என்று பின்வரிசை கத்தியது.

மறுபடி சொன்னார்.

"கேக்கலண்ணா, சத்தமா!"

திரையில் சவுரிமுத்து நெஞ்சுத் தையலின் மேல் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுப்பது தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர், அவரும் தலையணையும் கையுமாக, ஏஞ்சலின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, இருக்கிற குரலில், "தொடலயாம்! எதுன்னு தெரியல, தொடலன்னு சொல்றாரு!" என்று கத்திவிட்டு இருமினார்.

கூடமே சிரித்தது. "அவர் சொன்னா செல்லாது, முத்து சொல்லட்டும்! இன்னொரு தபா!" என்று குரல்கள் எழுந்தன. சவுரிமுத்து மறுபடி மூச்சை இழுக்க ஆரம்பித்தார்.

அம்மணி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"வுடுங்க. எனக்குக் கேட்டுச்சு," என்றாள். "கேக்க வெட்டுங்க."